முன்வரிசையில் நிற்பவனுக்கு

மகனே,

உனக்கு இன்னும் பெயர் இல்லை. உடம்பும் இல்லை. ஆனால் நீ வரப்போவது முடிவாகிவிட்டது என்றுதான் இந்த வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். "எங்க வம்சத்துல தலைச்சன் எப்பவும் ஆம்பளதான்" என்று என் அம்மா, அதாவது உன் பாட்டி, இன்று மாலைகூடப் பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பு. கொரோனாவுக்கு மூடிய பள்ளிக்கூடத்தை எங்களுக்கும் பத்தாம் வகுப்புக்கும் மட்டும் இப்போதுதான் திறந்தார்கள். திறந்த கையோடு எனக்குக் கல்யாணம் என்று என் அண்ணன், அதாவது உன் மாமன் சரவணன், நாள் குறித்துவிட்டான். மாசி பிறந்ததும் முதல் முகூர்த்தம். மற்ற அம்மாக்கள் பிள்ளையை வளர்த்து ஆளாக்கி, அவன் வேலைக்கோ கல்யாணத்துக்கோ வீட்டை விட்டுக் கிளம்பும்போது புத்தி சொல்லிக் கடிதம் எழுதுவார்கள். எனக்கு அவ்வளவு காலம் இல்லை. நாளைக் காலையில் நான் ஒன்றைச் செய்வதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அதைச் சொல்லிக் கேட்க இந்த வீட்டில் ஒருவரும் இல்லை. அதனால் உனக்கு இருபது வயது ஆகிவிட்டதாக வைத்துக்கொண்டு உன்னிடம் பேசுகிறேன். உன் மாமன் அடுத்த அறையில் படுத்திருக்கிறான். அவன் இருமினால் டார்ச்சை அணைத்துவிடுவேன். எங்காவது ஒரு வரி பாதியில் நின்றிருந்தால் அதுதான் காரணம்.

உன் மாமனைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நீ அவன் மடியில்தான் மொட்டை அடித்துக் காது குத்திக்கொள்ளப் போகிறாய். எங்கள் அப்பா போன பிறகு கரும்புக் காட்டையும் எங்களையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். அவன் பன்னிரண்டாவது முடித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் அவன் சங்கராபுரத்துச் செல்போன் கடையிலிருந்து பென் டிரைவில் ஒரு விளையாட்டை ஏற்றிக்கொண்டு வந்தான். கூலிப்படை விளையாட்டு. நீதான் படைக்குத் தலைவன். உனக்கென்று நாடு கிடையாது, கொடி கிடையாது. எந்த ஊர்க்காரன் கூலி கொடுக்கிறானோ அவனுக்காகப் போய்ச் சண்டை போடவேண்டும். தரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும். நீ ஒருமுறை நகர்த்த, எதிரி ஒருமுறை நகர்த்துவான். செத்தவன் செத்தவன்தான். எழுப்புவதற்குப் பொத்தான் கிடையாது. கை போனவன் கை போனவனாகவே கடைசிவரை கூட வருவான், சோறும் கூலியும் கேட்பான்.

ஊரடங்கில் வேலையில்லாத எங்கள் தெருப் பையன்கள் எல்லோரும் வீட்டை ஒட்டிய எங்கள் மோட்டார் கொட்டகையில்தான் கிடப்பார்கள். உன் மாமன் படையில் இருந்தவர்களுக்கு அவர்கள் பெயரையே வைத்தான். கோடாரி வைத்திருந்தவன் முருகேசன். ஈட்டிக்காரன் வேலு. படையோடு ஓடிவருகிற நாய்க்குக்கூட எங்கள் தெரு நாயின் பெயர், டைகர். அவனவன் தன் ஆளைப் பார்த்து விசிலடிப்பான். தலைவனுக்கு மாமன் தன் பெயரை வைத்துக்கொண்டான். தலைவன் எப்போதும் கடைசி வரிசையில் வில்லோடு நிற்பான். ஒருநாள் இவர்கள் பேராசைப்பட்டு, செத்தவர்கள் எழுந்து வருகிற ஒரு பழைய கோட்டைக்குள் போனார்கள்.

"டேய் சரவணா, இன்னாடா என்ன மட்டும் தனியா வுட்டுட்ட?" என்று முருகேசன் கத்தினான். திரையில் அவன் பெயர்கொண்டவனைச் சுற்றி மூன்று பேர்.

"நீ கெட்டிக்காரன்டா, சமாளிப்ப."

"எங்கடா சமாளிக்கிறது? தலயவே காணமேடா!"

கொட்டகையே சிரித்தது. பிறகு ஒவ்வொருவனாக விழ ஆரம்பித்ததும் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. தன் பெயர் சிவப்பில் அடிபடுவதை உட்கார்ந்து பார்ப்பது விளையாட்டாக இருந்தாலும் நன்றாக இல்லை போலிருக்கிறது. முடிவில் கால் உடைந்த வேலுவும் நாயும் தலைவனும்தான் மிச்சம்.

"நீ மட்டும் எப்புட்றா ஒரு கீறல் கூட இல்லாம நிக்கிற?" என்று வேலு கேட்டான்.

"தலைவன் செத்தா ஆட்டமே முடிஞ்சிடும்டா" என்றான் உன் மாமன்.

அந்தப் பதிலை நீ நினைவில் வைத்துக்கொள். உலகத்தில் தலைவனாக இருக்கிற எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், சொல்லும்போது அவர்கள் முகத்தில் பொய் இருக்காது.

மறுநாளிலிருந்து மாமன் அந்த விளையாட்டைத் தொடவில்லை. "எல்லாம் பூட்ச்சி பாப்பா. இனிமே இத தூக்கி நிறுத்த முடியாது" என்றான். வீட்டில் எனக்குப் பாப்பா என்றுதான் பெயர். ஆன்லைன் வகுப்புக்கு நெட் கிடைக்காத நேரங்களில் நான் அதைத் திறந்து உட்கார்ந்தேன். ஒரு நொண்டி, ஒரு வில்லாளி, ஒரு நாய். நல்ல வீரர்களைச் சேர்க்கக் காசு கிடையாது. நான் பெரிய ஊர்களுக்குப் போகவில்லை. மிகவும் ஏழ்மையான ஊர்களாகப் பார்த்துப் போனேன். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவன், பிச்சைக்காரன், ஒரு கண் பழுதானவன், மூச்சிரைப்புக்காரன் என்று மலிவாகக் கிடைப்பவர்களை எடுத்தேன். ஆளுக்கு ஒரு மரக் கேடயம் மட்டும் கொடுத்து முன்வரிசையில் நிறுத்தினேன். அடி முழுவதும் அவர்கள் மேல் விழும். பின்னால் நின்று வேலு ஈட்டியால் குத்துவான். ஒவ்வொரு சண்டையிலும் முன்வரிசையில் ஒன்றிரண்டு பேர் போவார்கள். அவர்களுடைய கேடயத்தையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய் வேறு இரண்டு பேரைச் சேர்ப்பேன். காயம்பட்டு இனி உதவமாட்டான் என்று தெரிந்தவனை வைத்திருக்கமாட்டேன். அவன் படத்தைத் தொட்டால், அனுப்பிவிடவா என்று கேட்கும். ஆம் என்று அழுத்தினால் போதும், மறுநாளிலிருந்து அவனுக்குச் சோறு கிடையாது. இப்படியே போய் ஆடி முடிவதற்குள் முன்பு இருந்ததைவிடப் பெரிய படையை நான் கட்டிவிட்டேன்.

ஒருநாள் உன் மாமன் பின்னால் வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தான். "இன்னா பாப்பா, கறிக்கடைக்காரன் மாரி அறுக்கிற?" என்றான்.

"நான் எங்கண்ணா அறுக்கிறேன்? அவுங்களா வந்து நிக்கிறாங்க."

"ஒருத்தனுக்குக்கூட பேரு மாத்தலயே நீ."

கம்ப்யூட்டர் வைத்த பெயர்களை நான் அப்படியே விட்டிருந்தேன். எந்தத் தேசத்துப் பெயர்களோ, வாயில் நுழையாது. "பேரு வெச்சா கை நடுங்குதுண்ணா" என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். என் தலையில் செல்லமாகத் தட்டிவிட்டுப் போனான். அப்பா போன பிறகு அவன் என்னைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். எனக்கும் பெருமையாக இருந்தது. நீ யாரிடமாவது பாராட்டு வாங்கினால், அவர் அதை எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்துவார் என்று ஒருமுறை யோசித்துவிட்டுப் பெருமைப்படு.

மார்கழியில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்தது. படிப்பிலும் வேலையிலும் எங்கள் சாதிக்குத் தனியாக ஒரு பங்கு வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அது தவறு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பங்கு வந்தால் எனக்கு நர்சிங் படிக்க இடம் கிடைக்கும் என்று உன் மாமனே சொன்னான். முதலில் கிராம நிர்வாக அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். பிறகு ஒருநாள் ரோட்டில் உட்காரப் போனார்கள். எங்கள் தெருப் பையன்கள் எல்லோரையும் மாமன்தான் வண்டி வைத்துக் கூட்டிப்போனான். யாரோ பஸ் மேல் கல் எறிந்தார்கள். அடி விழுந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் மீது வழக்கு. முருகேசனுக்கு முழங்கை உடைந்தது, ஆனால் முழங்கை பெரிய விஷயம் இல்லை. அவன் போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருந்தான், விடியற்காலையில் ரோட்டில் ஓடி ஓடி உடம்பைத் தேற்றி வைத்திருந்தான். பேரில் வழக்கு இருப்பவனை எந்தப் போலீஸ் வேலைக்கு எடுப்பார்கள்? வேலையில் பங்கு கேட்கப் போய், வாழ்நாளுக்கும் எந்த வேலைக்கும் ஆகாதவனாகத் திரும்பி வந்தான். இதைவிடக் கேவலமான சாவை அந்த விளையாட்டில்கூட நான் பார்த்ததில்லை. விளையாட்டில் செத்தவன் மறுநாள் டீக்கடையில் உட்கார்ந்து உன்னைப் பார்க்கமாட்டான்.

முருகேசனின் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்று, இரண்டு கையாலும் மண்ணை வாரி வீட்டைப் பார்த்து இறைத்தாள். "எம் புள்ள பொழப்ப மண்ணாக்கினியே, நீ மட்டும் வெள்ள சட்ட போட்டுக்கினு திரியுறியே, உன் வமுசம் வெளங்குமாடா!" என்றாள். உன் மாமன் மேல் எந்த வழக்கும் இல்லை. அவன் பின்னால் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தானாம். வம்சம் என்று அவள் சொன்னது உன்னையும் சேர்த்துத்தான், மகனே. அந்த மண் உன் தலையிலும் விழுந்திருக்கிறது. அதன் பிறகு தெருவில் ஒரு தாயும் தன் பிள்ளையை எங்கள் கொட்டகைப் பக்கம் அனுப்பவில்லை.

தைப் பொங்கல் முடிந்த கையோடு சங்கராபுரத்துத் தலைவரிடமிருந்து போன் வந்தது. ஒன்றியத்தில் போராட்டத்துக்கு அவர்தான் எல்லாம். மாமன் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "இன்னாபா சரவணா, அடுத்த மறியலுக்கு உங்கூர்ல எத்தினி பேரு? கம்மியா சொல்லாத. உங்கூர்ல ஆம்பளயே இல்லன்னு பக்கத்து ஊர்க்காரனுங்க பேசிக்கினு கீறானுங்க. அப்பிடியான்னா சொல்லிடு, ஒரு சீலய வாங்கிக் குடுத்தனுப்புறேன்" என்றார். மாமன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான், வாயில் வைக்கவில்லை. போன் நின்றதும் என்னைப் பார்த்தான். "பாப்பா, அன்னிக்கி ஒரு நொண்டியையும் நாயையும் வெச்சிக்கினு எப்புடி நிமுத்துன?" என்று கேட்டான். நான் விளையாட்டைத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். ஏழை ஊராகப் பார்த்துப் போகவேண்டும் என்று சொன்னேன். முன்வரிசையைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு எல்லாம் ஏற்கனவே தெரிந்திருந்தது, என் வாயால் ஒருமுறை கேட்டுக்கொண்டான்.

அடுத்த நாள் அவன் கல்வராயன் மலைக்குப் போனான். வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு ஊரிலிருந்து ஏழெட்டு ஆட்களைக் கரும்பு வெட்ட என்று சொல்லி டாடா ஏஸ் வண்டியில் ஏற்றி வந்தான். சர்க்கரை ஆலையில் கரும்பு அரவைக் காலம். மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வருவது வழக்கம்தான், யாருக்கும் சந்தேகம் வராது. அவர்களுக்கு இந்தப் போராட்டத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர்கள் வேறு பட்டியல், மலைவாழ் பழங்குடி. எங்களுக்குப் பங்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. கொட்டகையில் தங்கினார்கள். நான்தான் சோறு கொண்டுபோய்ப் போட்டேன். அவர்களில் ஒருவன் வாயாடி. இருபது இருபத்திரண்டு வயதிருக்கும், கல்யாணமானவன், மனைவியிடம் போனில் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வான்.

"அண்ணே, கரும்பு வெட்டத்தான வந்தோம்? கொடி எதுக்கு?" என்று அவன் உன் மாமனைக் கேட்டான்.

"ஒரே ஒரு நாளு. ரோட்ல நின்னுக்கினு கோஷம் போடணும். மறுநாளு வெட்டிக்கலாம்."

"நின்னா எங்களுக்கு இன்னா கெடைக்கும்?"

"பிரியாணி."

"பிரியாணியில எங்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டாண்ணே?" என்றான் அவன். கூட இருந்தவர்கள் சோறு சிதறச் சிரித்தார்கள். மாமனும் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாயாடி என் பக்கம் திரும்பி, "சோறு போட்ற தங்கச்சி பேரு இன்னா? நாளைக்கி ஊருக்குப் போயி யாரு கையால சாப்டன்னு சொல்லணுமில்ல. எம் பேரு..." என்று ஆரம்பித்தான். நான் அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு வேகமாக வெளியே வந்துவிட்டேன். பின்னால் அவன் சொன்னது காதில் விழாமல் இருக்க வேண்டுமென்று அன்னக்கூடையில் கரண்டியைத் தட்டிக்கொண்டே நடந்தேன். அவனை எந்த வரிசையில் நிறுத்துவார்கள் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

மறியல் அன்று மலையாட்கள் முன்னால் நின்றார்கள். எங்கள் ஊரில் மிச்சமிருந்த நாலைந்து பேரும், ஆட்களை எண்ணிப் படம் எடுக்கச் சங்கராபுரத்திலிருந்து வந்தவர்களும் பின்னால். கலவரம் வந்தபோது எந்தப் பக்கம் ஓடுவது என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அந்த வாயாடியின் தலையில் அடிபட்டது. கல்லா லத்தியா என்று யாருக்கும் தெரியவில்லை. நான் வீட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது டாடா ஏஸ் வந்து கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றது. அவனைப் பின்னால் படுக்க வைத்திருந்தார்கள். கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. அவன் ஊர்க்காரர்கள், "ஆஸ்பத்திரிக்கிக் கூட்டினு போங்கண்ணே, ஆஸ்பத்திரிக்கிக் கூட்டினு போங்க" என்று உன் மாமனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள், யார் கூட்டிவந்தது என்று கேட்பார்கள். மாமன் அவன் தலையில் ஒரு துண்டைக் கட்டினான், முகத்துக்கு மாஸ்க் மாட்டிவிட்டான். டிரைவரைப் பார்த்து, "மலைக்கே கொண்டு போயி வுட்டுட்டு வா" என்றான். வண்டியின் பின்கதவைச் சாத்தும்போது என்னைப் பார்த்தான். ஆம் என்று அழுத்துகிற என் விரலை அவன் நினைத்திருப்பான் என்று எனக்குத் தெரியும்.

நீ பெரியவனாகி, இதற்காக உன் மாமனை ஊர் எப்படித் தண்டித்தது என்று கேட்பாய். தண்டிக்கவில்லை. "இந்த வாட்டி நம்ம புள்ளைங்க ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவல, சரவணன் கரெக்டா பண்ணிக்கினான்" என்று பால் ஊற்றுகிற இடத்தில் பேசினார்கள். மண் வாரி இறைத்த முருகேசனின் அம்மாவே, வழக்குக்கு வக்கீல் பார்த்துக் கொடுக்கச் சொல்லி வந்து நின்றாள். உன் மாமனுக்கு ஒன்றியத்தில் பொறுப்பு கொடுத்தார்கள், படம் போட்ட பேனர் வைத்தார்கள். கொடுமை செய்கிறவன் கெட்டுப்போவான் என்று பள்ளிக்கூடத்தில் உனக்குச் சொல்லித்தருவார்கள். பரீட்சையில் அப்படியே எழுது, மதிப்பெண் கிடைக்கும்.

சில நாள் கழித்து மலையிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. விசாரித்து விசாரித்து எங்கள் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். மாமன் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என் வூட்டுக்காரரு உங்க காட்டுலதான கரும்பு வெட்னாரு? எப்புடி வுழுந்தாரு, எத்தினி மணிக்கி வுழுந்தாருன்னு டாக்டரு கேக்குறாரு. கூடப் போனவங்க பயந்துகினு வாயே தொறக்கல. சொன்னீங்கன்னா வைத்தியம் பாக்க நல்லாருக்கும். புள்ளயவே அடையாளம் தெரிலங்க அவுருக்கு."

"எங்க ஆளு இல்லம்மா அவன். வேற எங்கியாவது போயி கேளு."

"உங்க ஊருன்னுதான் சொன்னாரு போன்ல."

"எத்தினியோ பேரு வரான் போறான். அவன் பேருகூட எனக்குத் தெரியாது." அது மட்டும் உண்மை. அதில் உன் மாமன் பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லாதபடி நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

"கரியராமன்ங்க" என்றாள் அவள். "அவுரு பேரு கரியராமன்." பிறகு கதவோரம் நின்றிருந்த என்னைப் பார்த்துவிட்டாள். "பாப்பா ஒண்ணு சோறு போட்டுச்சின்னு சொன்னாரு. பேரு கேட்டா ஓடிப் பூட்ச்சின்னு சிரிச்சாரு. நீதானா அது? நீயாச்சும் சொல்லு தாயி." "பாப்பா, உள்ள போ" என்றாள் அம்மா. நான் உள்ளே போனேன். அந்தப் பெண் வெகு நேரம் வெயிலில் நின்றுவிட்டு, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மலைப் பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தாள்.

அவள் போன பிறகு உன் மாமன் என் செல்போனை வாங்கிக்கொண்டான். கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. "தண்ணியில்லாத கெணறு நம்ம காட்டுப் பக்கம் எத்தினி கீது பாப்பா? சின்ன வயசுல ரெண்டு பேரும் எட்டி எட்டிப் பாப்போமே" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அந்த வாரமே சங்கராபுரத்துத் தலைவர் தன் அக்கா மகனோடு என்னைப் பார்க்க வந்தார். அந்த அக்கா மகன்தான் உன் அப்பாவாக வரவேண்டியவர். முப்பதுக்கு மேல் இருக்கும், இரண்டு டிப்பர் லாரி ஓடுகிறது, மாஸ்க்கை இறக்காமலே இருந்ததால் முகம் தெரியவில்லை. "பொண்ணு கலரா கீது." "பொண்ணு சமைக்குமா?" "பொண்ணு படிப்ப நிறுத்திடலாம், நமக்கு எதுக்கு?" என்று ஆளுக்கொன்று பேசினார்கள். நான் டீ கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி காத்திருந்தேன், யாராவது பெயர் கேட்பார்கள் என்று. கேட்கவில்லை. எழுந்து போகும்போது தலைவர் உன் மாமனின் தோளில் கை போட்டு, "இனிமே நீ நம்ம வூட்டு ஆளு. வூட்டு விசயம் வூட்டுக்குள்ளயே இருக்கும்" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. உன் மாமன் படையைத் திரும்பக் கட்டி முடிக்கவில்லை. மலிவாக இன்னும் ஒரு ஆள் தேவைப்பட்டது. முதலில் முருகேசன், பிறகு கரியராமன், இப்போது பாப்பா.

இதோ, மாமன் இருமினான். அணைத்துவிட்டுத் திரும்ப ஏற்றுகிறேன்.

நாளைதான் பள்ளிக்கூடத்துக்குக் கடைசி நாள். மாமனே பைக்கில் கொண்டுபோய் விட்டு, அவனே வந்து கூட்டிவருவான். எங்கள் பாடப்புத்தகத்தின் பின்னட்டையில், பதினெட்டு வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால் கூப்பிடச் சொல்லி ஒரு எண் போட்டிருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அதைப் பார்க்கிறேன், கூப்பிடுவேன் என்று நினைத்ததில்லை. தாவரவியல் டீச்சரிடம் கேட்டால் போனைக் கொடுப்பார். வயதைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பார்கள். அப்போது கரியராமனைப் பற்றியும், எங்கே, எந்த நேரத்தில் அடிபட்டது, எந்த வண்டியில் ஏற்றினார்கள் என்பதையும் சொல்லவேண்டி வரும். சொல்லிவிட்டால் இந்த வீட்டுக்கு நான் திரும்ப முடியாது. அம்மா என்னைப் பார்க்கமாட்டாள். கிணறு இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, மகனே. நாளை கூப்பிடாமல் வந்துவிட்டால் எல்லோரும் என்னிடம் அன்பாக இருப்பார்கள். மாசியில் பட்டுப்புடவை. அடுத்த வருடம் நீ. நீ மட்டும் எனக்கென்று இருப்பாய். இந்தக் கடிதத்தை ஆரம்பித்தபோது, உன்னை நினைத்துக்கொண்டு இதையெல்லாம் பொறுத்துக்கொள்ள முடியும் என்றுதான் எண்ணினேன். அதற்காகவே உன்னைக் கூப்பிட்டேன்.

ஆனால் நீ யாருக்குப் பிறப்பாய் என்று இப்போது யோசிக்கிறேன். இருபது வயதில் உன்னை எந்த வண்டியில் ஏற்றுவார்கள்? நீ தலைவர் வீட்டுப் பிள்ளை, உன்னை முன்னால் நிறுத்தமாட்டார்கள். உனக்கு ஒரு லேப்டாப் வாங்கிக்கொடுப்பார்கள், ஆட்களை எப்படி நிறுத்துவது என்று கற்றுக்கொடுப்பார்கள். நீ என் பிள்ளை என்பதால் சீக்கிரமே கற்றுக்கொள்வாய். நான் உன் தலையில் செல்லமாகத் தட்டுவேன்.

அந்தப் பெண் இடுப்பு மாற்றித் தூக்கிப்போனாளே, அந்தக் குழந்தை பிறந்துவிட்டது. தன்னை அடையாளம் தெரிகிற ஒரு அப்பா அதற்கு வேண்டும். எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு நொண்டிகூட இல்லை, ஒரு நாய்கூட இல்லை. நாளைக் காலையில் அடி விழும்போது எனக்கு முன்னால் நிறுத்த ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறான். நான் இழக்கக்கூடியவன், இன்னும் கேடயம் பிடிக்கக் கைகூட முளைக்காதவன். நீ. உன்னை முன்வரிசையில் நிறுத்திவிட்டு நான் டீச்சரிடம் போன் கேட்கப் போகிறேன். நீ பிறக்கமாட்டாய். வேறு எப்போதாவது எனக்கு ஒரு பிள்ளை பிறக்கலாம், அது நீயாக இருக்காது.

உனக்கு ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தேன். அவர்கள் பெண் பார்த்துவிட்டுப் போன அன்றே, பாத்திரம் கழுவும்போது யோசித்தது, நல்ல பெயர். அதை இங்கே எழுதினால் நாளைக்கு எனக்குக் கை நடுங்கும்.

எழுதமாட்டேன்.